அறளை பெயர்தலும் அதன் வகைகளும்

முதுமை எய்தியோர் சிலர் சொன்னதையே திரும்பச் சொல்லுதலும், உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்டலும், பெற்ற மக்களையே யாரென வினவுதலும் எல்லா நாட்டினரும் தொன்றுதொட்டுக் கண்டுவரும் செய்திகளாம். யாழ்ப்பாணத்து வழக்கில் இந்நிலையை 'அறளை பெயர்தல்' என்பர். ஊரவர் இச்சொல்லைச் சிறிது இரக்கத்தோடும் சிறிது நகையோடும் ஆளுவர். வயது முதிர்ந்தார்க்கு இஃது இயல்பே என்பதும், இவ்வாறு தளர்ந்தோர் யாவரும் ஒரு தன்மையரே என்பதும் அச்சொல்லைக் கையாள்வோர் உள்ளத்தில் உள்ள கருத்துக்களாகும். இவ்விரு கருத்துக்களும் பிழையாதலையும், அப்பிழையால் நோயுற்றோர்க்கும் அவரைப் பேணுவோர்க்கும் விளையுந் தீங்கினையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயல்பான முதுமை மறதி வேறு, நோய் வேறு. அறிந்த ஒருவரின் பெயர் உடனே நாவில் வாராது சிறிது பொழுது கழித்து வருதலும், மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறந்து தேடிக் காணுதலும் இயல்பின்பாற்படும். மூக்குக்கண்ணாடி எதற்குப் பயன்படுவதென்பதே விளங்காதொழிதல் இயல்பன்று. மூளையின் நரம்புக் கலங்கள் படிப்படியாக அழிதலால், நினைவு, மொழி, தீர்மானிக்கும் ஆற்றல், ஒழுகலாறு என்பன கெட்டு, அன்றாட வாழ்வைத் தாமே நடத்த இயலாத நிலை எய்துமாயின் அதனை மேனாட்டு மருத்துவர் 'டிமென்சியா' என்பர். தமிழில் அறிவுத் தேய்வு எனலாம். இந்நாளில் 'மறதி நோய்' என்னும் பெயரும் பரவியுளது. ஆயினும் அப்பெயர் முற்றும் பொருந்துவதன்று. இந்நோய்களுட் சிலவற்றில் மறதி தொடக்கத்திற் காணப்படுவதே இல்லை. 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் மக்கள் அறிவுத் தேய்வுற்றிருந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. 

ஓர் ஊரில் நான்கு முதியோர் உளர் எனக் கொள்க. முதலாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வந்தவரை முன்போலவே முகமலர்ந்து வரவேற்பார், 'எப்போது வந்தீர்கள்?' என்று ஒரு மணி நேரத்துள் ஐந்து முறை வினவுவார். இரண்டாமவர் ஐம்பத்தைந்து வயதினரான வணிகர். கடன் கொடுத்த தொகையும் நாளும் பிழையின்றிச் சொல்லுவார். ஆனால், இழவு வீட்டில் உரக்கச் சிரிப்பார். பக்கத்தில் இருப்பவரின் இலையிலிருந்து எடுத்து உண்பார். மூன்றாமவர் காலையிற் செய்தித்தாளைப் படித்துத் தெளிவுறப் பேசுவார்; மாலையில் தாம் இருக்கும் இடம் அறியார்; அறையின் மூலையில் சிறுபிள்ளைகள் அமர்ந்திருப்பதாகக் காட்டுவார். நான்காமவர் சென்ற ஆண்டு சிறிய பாரிசவாதம் ஒன்றால் வருந்தித் தேறியவர். எல்லாரையும் அறிவார்; எனினும் ஒரு வேளைச் சமையலை ஒழுங்குபடச் செய்து முடிக்க அவரால் இயலாது; காரணமின்றி அழுவார். ஊரவர் முதலாமவர்க்கும் நான்காமவர்க்கும் அறளை பெயர்ந்தது என்பர். மூன்றாமவர்க்குப் பேய்க்குற்றம் என்பர். இரண்டாமவரையோ நோயாளர் என்றே கருதாது, குணங்கெட்டவர் என்று பழிப்பர். உண்மையில் நால்வரும் நோயுற்றோரே. நால்வர்க்கும் உற்ற நோய்கள் நான்கு.

நோய் ஒவ்வொன்றும் வேறுபட்ட நடத்தையை விளைத்தற்குக் காரணம் யாது? மூளை தொழிற்பிரிவு உடையது. புதியன நினைவிற் பதிதற்குப் பொட்டுப் பகுதியின் உட்புறத்தே கடற்குதிரை வடிவில் அமைந்த ஓர் உறுப்பு இன்றியமையாதது. முன்பின் ஆராய்தல், தகாதவற்றை அடக்குதல், பிறர் துன்பத்தை உணர்தல் என்பன நெற்றிப்புறப் பகுதியைச் சார்ந்தவை. கண்ட காட்சியைப் பொருளாக அறிதல் மூளையின் பின்புறத்தைச் சார்ந்தது. இப்பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகள் வெண்பகுதியில் ஓடுகின்றன. ஒரு நோய் இவற்றுள் எவ்விடத்தில் முதலிற் புகுகின்றதோ அவ்விடத்துத் தொழிலே முதலிற் கெடும். ஆதலின் இறுதி நிலையில் நான்கு நோய்களும் ஒன்றுபோலத் தோன்றினும், தொடக்க நிலையில் அவை தெளிவாக வேறுபடும். நோயை வகைப்படுத்தற்கு ஏற்ற காலமும் அத்தொடக்கமே.

இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோயாகும். அறிவுத் தேய்வுற்றோருள் நூற்றுக்கு 60 முதல் 70 வரையினோர்க்கு இந்நோயே காரணமாதல் கூடும். 1901 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் யேர்மனியின் பிராங்பேட் நகரிலிருந்த மனநோய் வைத்தியசாலைக்கு ஔகுஸ்தே டெற்றர் என்னும் பெண்மணி கொண்டுவரப்பட்டார். அப்பொழுது அவர்க்கு வயது 51. கணவர்மேற் காரணமற்ற ஐயுறவு கொண்டமையே வீட்டார் முதலிற் கண்ட மாற்றம். அவரை ஆராய்ந்த வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் கேட்ட வினாக்களும் அவர் அளித்த விடைகளும் எழுதிவைக்கப்பட்டன. பெயர் யாது என வினவியபோது 'ஔகுஸ்தே' என்றார். கணவர் பெயர் யாது என வினவியபோதும் 'ஔகுஸ்தே' என்றே கூறினார். பன்றியிறைச்சியும் பூக்கோவாவும் உண்டுகொண்டிருக்கையில், உண்பது என்னவெனக் கேட்கப் பசளிக்கீரை என்றார். 1906 ஏப்பிரலில் அவர் இறந்தபின், அல்சைமர் அவரது மூளையை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, கலங்களுக்குப் புறத்தே படிந்த திட்டுக்களையும் கலங்களுக்குள்ளே முறுகிக் கிடந்த இழைகளையும் கண்டார்; அவ்வாண்டு நவம்பர் 3 ஆம் நாள் ரியூபிங்கன் நகரிற் கூடிய வைத்தியர் முன்னிலையில் அவற்றை விளக்கினார். 1910 இல் எமில் கிறேப்பலின் தமது மனநோய் நூலில் இந்நோய்க்கு அல்சைமர் பெயரைச் சூட்டினார். திட்டுக்கள் அமிலோயிட் என்னும் புரதத்தாலும், முறுகிய இழைகள் தௌ என்னும் புரதத்தாலும் ஆயவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அல்சைமர் நோய் பெரும்பாலும் நினைவுறுப்பில் முதலிற் புகும். ஆதலின் அண்மை நிகழ்ச்சி பதியாது. பழைய நிகழ்ச்சி நிற்கும். பிந்தியது முந்திக் கெடுதலும் முந்தியது பிந்திக் கெடுதலும் நினைவழிவின் முறைமை என்பதைப் பிரான்சு நாட்டு உளநூலார் தெயோடூல் ரிபோ 1881 இல் எடுத்துரைத்தார். இந்நோயாளர் இன்று காலை வந்த மகனை மறப்பர். ஐம்பதாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த திருமணத்தை விரித்துரைப்பர். சொற்கள் கிட்டாமையால் 'அது', 'இது' எனச் சுற்றிப் பேசுவர். பழகிய தெருவில் வழி தவறுவர். வைத்த பொருளைக் காணாதபோது, வைத்தது நினைவில் இன்மையால், பிறர் களவாடினர் என்று எண்ணுவர். வேலைக்காரர்மேலும் மருமகள்மேலும் சாட்டப்படும் பழிகள் பல இவ்வாறு பிறந்தனவே; அவை வஞ்சகம் அல்ல. ஆயினும் பண்பும் நாகரிகமும் நெடுங்காலம் கெடாது நிற்றல் இந்நோயின் சிறப்பியல்பு. விடை தெரியாதபோது துணைவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தலும், ஏதேனும் ஒரு சமாதானம் கூறித் தம் மறதியை மறைத்தலும் நோயாளரிடத்து அடிக்கடி காணப்படும். நிகழ்ச்சி மறந்தபின்னும் அதனால் எழுந்த மகிழ்வோ துயரோ உள்ளத்திற் சிறிது பொழுது தங்கும். 'மறந்துவிடுவார்தானே' என்று கடிந்து பேசுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

இரண்டாவது, நெற்றிப்புறத்தையும் பொட்டுப்புறத்தையும் தாக்கும் அறிவுத் தேய்வாகும். 1892 இல் பிராக் நகர்ப் பேராசிரியர் ஆர்னல்ட் பிக், பேச்சுத்திறனைச் சிறிது சிறிதாக இழந்த 71 வயதினர் ஒருவரின் நோயை விவரித்து, மூளை முழுவதும் அன்றி அதன் ஒரு பகுதியே பெரிதும் சுருங்கியிருந்தமையைக் காட்டினார். நெடுங்காலம் பிக் நோய் என வழங்கிய இது, பெரும்பாலும் 45 வயதிற்கும் 65 வயதிற்கும் இடையில், உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் பருவத்தில், தோன்றுவது. குடும்பவழியாக வருதலும் இதில் மிகுதி. இந்நோயின் ஒரு பிரிவு ஒழுகலாற்றைக் கெடுப்பது. 2011 இல் அனைத்துலக அறிஞர் வகுத்த இலக்கணத்தின்படி, தன்னடக்கம் இழத்தல், ஊக்கமின்மை, பிறர்மேல் இரக்கம் அற்றுப்போதல், செய்ததையே செய்தல், இனிப்பிலும் உணவிலும் அளவிறந்த விருப்பம், நினைவும் இடவுணர்வும் ஓரளவு கெடாதிருக்கத் திட்டமிடும் ஆற்றல் கெடுதல் என்னும் ஆறனுள் மூன்றேனும் காணப்படுமாயின் இந்நோய் உண்டென ஐயுறலாம். மற்றொரு பிரிவு மொழியைக் கெடுப்பது. அதனுள் ஒருவகையிற் சொற்களின் பொருளே மறையும். 'கரண்டியை எடுத்து வாருங்கள்' என்றால், தங்குதடையின்றிப் பேசும் அந்நோயாளர், 'கரண்டி என்றால் என்ன?' என வினவுவார். நேற்று நிகழ்ந்ததை அவர் நன்கு கூறுதலும் உண்டு. நெடுநாட்பட்ட நினைவுகளே அவர்க்கு மங்கும். ரிபோ கூறிய முறை இங்கே தலைகீழாய் நிற்றல் கருதத்தக்கது.

மக்களின் தீர்ப்பு மிகவும் பிழைபடுவது இவ்வகையிலேயே. நினைவு நன்றாயிருத்தலால் வீட்டார் நோயென ஐயுறார். 1975 இல் வெளிவந்து உலகெங்கும் வழங்கும் முப்பது புள்ளித் தேர்வில், தொடக்கநிலை நோயாளர் சிலர் ஏறத்தாழ முழுப்புள்ளியும் பெறுவர். தமக்கு நோயுண்டென அவர் தாமும் உணரார். அன்பாயிருந்த கணவர் மனைவியின் நோயைப் பொருட்படுத்தாமையும், நாணயமாய் வாழ்ந்தவர் கடையிற் பொருளை எடுத்துக்கொண்டு வருதலும் ஒழுக்கக்கேடாகவே கருதப்படும். குடும்பம் பிரிதலும், தொழில் இழத்தலும், வழக்குமன்றம் ஏறுதலும் நிகழ்ந்த பின்னரே மூளையைப் படமெடுத்து நோய் என அறிதல் பலமுறை நிகழ்வதாம். நற்குணமும் ஓர் உறுப்பின் நலத்தைச் சார்ந்து நிற்கின்றது என்னும் உண்மை ஏற்றற்கு அரியதாயினும், இந்நோய் அதனைக் காட்டுகின்றது.

மூன்றாவது லூவி உடல்களால் விளையும் அறிவுத் தேய்வு. பேர்லினிற் பிறந்த பிரெட்றிக் லூவி, மியூனிக்கில் அல்சைமரின் ஆய்வுகூடத்திற் பணியாற்றியவர். 1912 இல், பாக்கின்சன் நோயால் இறந்தோரின் நரம்புக் கலங்களுள் உருண்டையான சில திரட்சிகளைக் கண்டு எழுதினார். யூதராதலின் 1933 இற் பதவி இழந்து யேர்மனியை விட்டு நீங்கி, ஈற்றில் அமெரிக்காவிற் குடியேறி 1950 இற் காலமானார். அத்திரட்சிகள் மூளையின் மேற்பட்டையிற் பரவின் அறிவையும் கெடுக்கும் என்பதை யப்பான் நாட்டு வைத்தியர் கெஞ்சி கொசாக்கா 1976 முதல் விளக்கிவந்தார். அவை அல்பா சினுக்கிளின் என்னும் புரதத்தால் ஆயவை என்பது 1997 இல் அறியப்பட்டது.

இந்நோயின் சிறப்புக் குறிகள் நான்கு. முதலாவது, தெளிவும் மயக்கமும் நாளுக்கு நாளும் பொழுதுக்குப் பொழுதும் மாறிமாறி வருதல். 'வேண்டுமென்றே நடிக்கிறார்' என்று வீட்டார் எண்ணுதற்கு இதுவே காரணம். இரண்டாவது, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுதல். பெரும்பாலும் அவ்வுருவங்கள் மனிதரும் சிறுவரும் விலங்குகளுமாம்; பேசாது நிற்கும். மூன்றாவது, உடல் விறைத்தலும், நடை குறுகலும், அசைவு தாமதித்தலும். நான்காவது, கனவிற் கண்டவாறே உறக்கத்திற் கைகால்களை வீசுதலும் கூவுதலும். இந்நான்காவது குறி, அறிவு கெடுதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றுதல் உண்டு. தொடக்கத்தில் நினைவு பெரிதுங் கெடாது. கண்ட வடிவத்தை வரைதலும் தூரத்தை மதித்தலும் கெடும். இந்நோயை அறியாதிருத்தல் உயிர்க்கே இடராதல் கூடும். பொய்க்காட்சியைப் பித்தெனக் கொண்டு, ஹலோபெரிடோல் முதலிய மனநோய் மருந்துகளைக் கொடுப்பின், பலர்க்கு உடல் கட்டையாய் விறைக்கும், உணர்வு மங்கும், சிலர் இறத்தலும் உண்டு. பேயெனக் கருதி உறக்கமும் உணவும் இன்றி வருத்துதலால் விளையுந் தீங்கு சொல்ல வேண்டுவதின்று.

நான்காவது, குருதிக் குழாய்க் கேட்டால் விளைவது. குருதியழுத்தம், நீரிழிவு, புகைத்தல் என்பவற்றால் மூளையின் நுண்ணிய குழாய்கள் தடித்து அடைபட, அவற்றாற் பேணப்பட்ட இடங்கள் அழியும். ஒற்றோ பின்ஸ்வாங்கர் 1894 இல் மூளையின் வெண்பகுதி இவ்வாறு கெடுதலை விவரித்தார். சிறு சிறு அடைப்புக்கள் பல சேர்ந்து அறிவைக் கெடுக்கும் முறையை 1974 இல் விளாடிமிர் ஹச்சின்ஸ்கி முதலியோர் தெளிவுபடுத்தினர். அல்சைமர் நோய் சரிவான நிலத்தில் இறங்குதல் போன்றதாயின், இந்நோய் பலர்க்குப் படியிறங்குதல் போன்றது: ஒரு நாள் திடீரெனக் குறையும், சில திங்கள் அந்நிலையில் நிற்கும், மீண்டும் குறையும். எண்ணம் மந்தமாதல், வேலையை வரிசைப்படுத்த இயலாமை, நடை தளர்தல், சிறிய காரணத்துக்கும் அடக்கமின்றி அழுதலும் சிரித்தலும் இதன் குறிகள். ஆள் அறிதல் பெரும்பாலும் கெடாது. தம் நிலை தாமே உணர்தலால் இவர்க்கு மனச்சோர்வு மிகும். 

மறதி ஒன்றையே எடுத்துக்கொண்டாலும் வேறுபாடு புலனாகும். மூன்று சொற்களைக் கூறி, ஐந்து நிமிடங் கழித்துத் திருப்பிக் கேட்பின், அல்சைமர் நோயாளர் கூறார். 'அவற்றுள் ஒன்று ஒரு பழத்தின் பெயர்' எனக் குறிப்புத் தந்தாலும் பெரும்பாலும் கூறார். ஏனெனில் அது பதியவேயில்லை. குருதிக் குழாய் நோயாளர் குறிப்புத் தந்தவுடன் பலகாற் கூறுவர். பதிந்ததை எடுக்கும் வழியே அவர்க்கு அடைபட்டது. லூவி நோயாளர் சொற்களைக் கூறியும், ஒரு மணிக்கூட்டின் முகத்தை வரையச் சொன்னால் தடுமாறுவர். நெற்றிப்புற நோயாளர் சொற்களையும் கூறி மணிக்கூட்டையும் வரைந்துவிட்டு, கேட்டவரின் பேனாவைத் தம் பையில் வைத்துக்கொள்ளல் கூடும்.

இவ்வகைப்பாடு பேணும் முறையை மாற்றுவது. 1996 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டொனெப்பெசில் என்னும் மருந்து அல்சைமர் நோயிலும் லூவி நோயிலும் ஓரளவு பயன் தரும்; நெற்றிப்புற நோயிற் பயன் தராது; பதற்றத்தைக் கூட்டுதலும் உண்டு. 2023 இல் அங்கு முழு ஒப்புதல் பெற்ற லெக்கனெமாப் அமிலோயிட்டை நீக்கி அல்சைமர் நோயின் தொடக்கநிலையிற் சிறிது தாமதம் விளைப்பது; பிற வகைகளுக்கு உரியதன்று. குருதிக் குழாய் நோயிற் குருதியழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்தலே மேற்கேட்டைத் தடுக்கும் வழி. எவ்வகையையும் முற்றாக மாற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆதலின் வீட்டாரின் நடத்தையே பெருமருந்தாகின்றது. அல்சைமர் நோயாளரோடு வாதாடாது, பொருள்களை இடமாற்றாது வைத்தல் வேண்டும். நெற்றிப்புற நோயாளரைக் கடிதலாற் பயனில்லை. பணமும் உணவுப்பொருளும் அவர் கைக்கு எட்டாவாறு காத்தல் வேண்டும். லூவி நோயாளர் காணும் உருவத்தை 'இல்லை' என மறுத்து வருத்தாது, அறைக்கு நல்லொளி தந்து, விழாமற் பாதுகாத்தல் வேண்டும். குருதிக் குழாய் நோயாளர்க்கு ஒரு வேலையைப் பல சிறு கூறுகளாக்கிக் கொடுத்து, விடைக்குப் பொறுத்திருத்தல் வேண்டும்.

இவ்வெல்லைகள் எப்போதும் தெளிவாயிருக்கும் எனக் கொள்ளற்க. எண்பது வயதைக் கடந்தோர் பலர் மூளையில் இரண்டு மூன்று நோய்கள் கலந்தே காணப்படும். அன்றியும், அறிவுத் தேய்வுபோலத் தோன்றி, உரிய மருத்துவத்தால் மாறக்கூடியனவும் உள: தைரொயிட்டுச் சுரப்பிக் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் தீவிளைவு, விழுந்ததால் மண்டையோட்டின் உட்புறத்தே குருதி தேங்குதல் என்பன அவை. சில நாட்களுள் திடீரெனத் தோன்றிய குழப்பம் பெரும்பாலும் தொற்றுநோய் முதலியவற்றின் அறிகுறி. அதனைக் காலந் தாழ்த்தாது வைத்தியர்க்குக் காட்டல் வேண்டும். 'வயதுக் கோளாறு' என்று வாளாவிருந்தமையால் மீளக்கூடியவர் மீளாதொழிதல் பேரிழப்பாகும். மேலும், உலகில் அறிவுத் தேய்வு உறுவோருள் நூற்றுக்கு 45 பேர் அளவில் அதனைத் தவிர்த்தலோ பிற்படுத்தலோ இயலக்கூடும் என 2024 இல் 'லான்செற்' இதழின் ஆணைக்குழு மதிப்பிட்டது. இளமையிற் கல்விக்குறைவு, செவிப்புலன் குன்றல், உயர் குருதியழுத்தம், நீரிழிவு, புகைத்தல், தனிமை என்பன அது எடுத்துக்காட்டிய பதினான்கு காரணங்களுட் சில.

ஔகுஸ்தே டெற்றர் தம்மைத் தாம் இழந்துவிட்டதாகக் கூறினார் என்பது அவரது நோய்க்குறிப்பிற் காணப்படும் செய்தி. தம்மை இழப்போர் யாவரும் ஒரே வழியில் இழப்பதில்லை. ஒருவர் நேற்றை இழக்கிறார். ஒருவர் நாணத்தை இழக்கிறார். ஒருவர் காண்பதின் உண்மையை இழக்கிறார். ஒருவர் விரைவை இழக்கிறார். எதனை இழந்தார் என அறிந்தாலன்றி, எஞ்சியிருப்பது எதுவென அறிதல் இயலாது. எஞ்சியதை அறியாதார் அதனைக் காத்தலும் இயலாது. இனி ஒரு முதியவரைச் சுட்டி 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று ஒருவர் கூறக் கேட்பின், 'எவ்வகையால்?' என்று வினவுதல் கற்றோர் கடனாம். அவ்வினாவே அம்முதியவர்க்குச் செய்யும் முதல் உதவி.